பெரும் பூட்டின் வரலாறு

வெள்ளவத்தைக் கடையொன்றிற் பணியாளர் பதின்மர் இருப்பினும், காசாளர் ஒருவரேயாயின் வரிசை குறுகாது. கணினியின் வரலாறும் இதனையே காட்டுகின்றது.

1996இல் லினக்ஸ் இயக்க முறைமை ஒரே கணினியிற் பல செயலிகளை ஆளத் தொடங்கியது. ஆயினும் அதன் உட்கருவாகிய கேர்னலுக்கு ஒரே பெரும் பூட்டு. ஒரு செயலி உட்புகுந்தால் ஏனையவை வெளியே காத்து நின்றன.

காத்திருப்பு எங்கே நிகழ்கின்றது? 2002இல் கேர்னலிற் சேர்ந்த ஓபுரொஃபைல் என்னும் கருவி, ஒவ்வொரு செயலியும் எப்பகுதியில் நிற்கின்றதென இடையிடையே குறித்து, அதனை வெளிப்படுத்தியது. அவ்வாண்டிலேயே, பெங்களூர் ஐ.பி.எம். பொறியியலாளர் தீபாங்கர் சர்மா முதலியோர் உழைப்பால், தரவை வாசிக்கும் செயலிகள் பூட்டின்றிச் செல்லும் ஆர்.சி.யு. முறையும் சேர்ந்தது.

பெரும் பூட்டு படிப்படியாகப் பிரிக்கப்பட்டு, 2011இல் முற்றாக நீங்கியது. செயலிகளைப் பெருக்குதல் பணத்தால் இயலும்; தடையைக் கண்டறிதல் அளவையாலேயே இயலும்.