கறுப்பு வெள்ளைப் படமும் அழியாத மையும்

தென்காசிப் பக்கம் எந்தப் பழைய வீட்டுக்குள் நுழைந்தாலும் பட்டாசலில் உத்தரத்துக்குக் கீழே ஒரு வரிசைப் படங்கள் தொங்கும். கோட்டும் தலைப்பாகையுமாகத் தாத்தா, நாற்காலி நுனியில் ஆச்சி, கையைக் கட்டிக்கொண்டு பெரியப்பா. 1950, 60-களில் எடுத்த அந்தப் படங்களில் பல இன்றைக்கும் கறுப்பு கறுப்பாகவே இருக்கின்றன. ஆனால் இருபது வருஷத்துக்கு முன் கம்ப்யூட்டரில் ஏற்றிப் புதுசாகப் போட்டு மாட்டிய பிரதிகள் சில வீடுகளில் ரோஸ் நிறமாகவும் பச்சை பாய்ந்தும் நிற்கின்றன. எங்கள் வீட்டிலேயே அப்பா படத்தின் பிரதி ஒன்று மூன்று வருஷத்தில் அப்படி ஆனது. ஓய்வுபெற்ற பிறகு நேரம் கிடைத்ததால் இதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். படித்ததையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பழைய ஸ்டுடியோ படத்தில் மை கிடையாது. அதில் கறுப்பாகத் தெரிவது வெள்ளி. காகிதத்தின் மேல் ஜெலட்டின் பூச்சு, அதற்குள் வெள்ளி புரோமைடு. அதனால்தான் அதற்குப் புரோமைடு பேப்பர் என்று பெயர். வெளிச்சம் பட்ட இடத்தை டெவலப்பர் நுண்ணிய வெள்ளித் துகளாக மாற்றும். வெளிச்சம் படாத மிச்சத்தை ஹைப்போ கரைத்து எடுத்துவிடும். இந்த வகைக் காகிதம் 1880-களில் பரவியது. அதற்கும் முன்பே சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858-ல் மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் கோயில்களைப் படமெடுத்தார். அவர் படங்களும் வெள்ளியால் ஆனவைதான். நூற்றறுபது வருஷம் தாண்டியும் அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

என் சிறு வயதில் எங்கள் ஊர் ஸ்டுடியோ அண்ணாச்சி ஒருவரின் இருட்டறையில் நின்று பார்த்திருக்கிறேன். சிவப்பு பல்பு, மூன்று தொட்டிகள், புளிச்ச வாடை. நெகட்டிவ் மங்கலாக இருந்தால் ஹார்டு பேப்பர், அழுத்தமாக இருந்தால் சாஃப்ட் பேப்பர், சரியாக இருந்தால் நார்மல். அந்தக் காலத்தில் மை தேர்வு என்பது இந்தப் பேப்பர் தேர்வுதான். கரன்ட் வோல்டேஜ் ஏறி இறங்குவதால் என்லார்ஜர் பல்பின் வெளிச்சமும் மாறும். ஒரு துண்டுப் பேப்பரில் சோதனை போட்டுப் பார்த்துத்தான் முழுப் பேப்பரை எடுப்பார்.

டெவலப்பருக்குத் தோதான சூடு 20 டிகிரி செல்சியஸ். சித்திரை வெயிலில் தென்காசியில் அது எங்கே கிடைக்கும்? தொட்டியைச் சுற்றி ஐஸ் கட்டி போடுவார். சூடு ஏறினால் ஜெலட்டின் இளகிவிடும். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் கட்டும்போது வேறு பிரச்சினை. டெவலப்பர் குளிர்ந்து வேலை மந்தமாகும். கழுவிய படம் காயவே காயாது.

எல்லாவற்றையும் விட முக்கியம் கடைசிக் கழுவல். ஹைப்போ காகிதத்தில் தங்கினால் வெள்ளியை அரித்துப் படத்தைப் பழுப்பாக்கும். "தண்ணிய மிச்சம் பிடிச்சா பத்து வருசத்துல மூஞ்சி மஞ்சளாயிரும்லா தம்பி" என்பார் அண்ணாச்சி. ஓடுகிற தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவிடுவார். உங்கள் வீட்டில் ஒரே காலத்துப் படங்களில் ஒன்று பளிச்சென்றும் ஒன்று மஞ்சளாகவும் இருந்தால், பெரும்பாலும் அது கழுவலின் வித்தியாசம்தான்.

பேப்பரும் ஃபிலிமும் முதலில் வெளிநாட்டுச் சரக்கு. நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று 1960-ல் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. இடம் ஊட்டி. ஜெலட்டின் பூச்சு வேலைக்குத் தூசியில்லாத குளிர்ந்த காற்று வேண்டும். 1967-ல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம், புரோமைடு பேப்பர், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. பிறகு கலர் படம் வந்தது. மெஷினில் மணிக்கணக்கில் பிரின்ட் போடும் லேப்கள் வந்தன. 1990-களில் அந்த நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டது. டிஜிட்டல் கேமரா மிச்சத்தையும் முடித்துவைத்தது. ஆலை மூடப்பட்டது. இருட்டறைகள் ஜெராக்ஸ் கடைகளாயின.

இனி வெள்ளி போய் மை வந்த கதை. சாதாரண இங்க்ஜெட் பிரின்டர் சாம்பல் நிறத்தை எப்படிப் போடுகிறது தெரியுமா? நீலம், ரோஸ், மஞ்சள் மூன்றையும் கலந்துதான். மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. மஞ்சள் முதலில் போனால் படம் ஒரு நிறம், நீலம் முதலில் போனால் வேறு நிறம். எங்கள் அப்பா ரோஸ் ஆனது இப்படித்தான். அதிலும் டை இங்க் என்பது தண்ணீரில் கரைந்த சாயம். வெயிலும் காற்றும் அதை எளிதில் தின்னும். பிக்மென்ட் இங்க் என்பது கரையாத பொடி. அது நின்று பிடிக்கும். 2005-ல் எப்சன் நிறுவனம் ஆர் 2400 என்ற பிரின்டரில் கறுப்பு, வெளிர் கறுப்பு, அதைவிட வெளிர் கறுப்பு என மூன்று பிக்மென்ட் கறுப்புகளை வைத்தது. கலர் மையை அதிகம் தொடாமல் கறுப்பு வெள்ளைப் படம் போட வழி பிறந்தது. அமெரிக்காவில் ஜான் கோன் என்பவர் இன்னும் ஒரு படி போய், எல்லாத் தொட்டியிலும் வெவ்வேறு அடர்த்தியில் கரி மையே நிரப்பும் முறையைக் கொண்டுவந்தார்.

கரி மை என்றதும் எனக்கு ஏட்டுச் சுவடி நினைவு வந்தது. எழுத்தாணியால் கீறிய ஓலையில் விளக்குக் கரியை எண்ணெயோடு சேர்த்துத் தடவுவார்கள். ஓலை நொறுங்கினாலும், பூச்சி அரித்தாலும், அந்தக் கறுப்பு வெளுப்பதில்லை. கரி வெயிலுக்கு அசையாது. உலகம் சுற்றிவந்த பிரின்டர்காரர்கள் கடைசியில் பிடித்தது நம் தாத்தாக்கள் பிடித்திருந்த அதே கரியைத்தான்.

இப்போது படம் போடக் கொடுக்கிறவர்களுக்கு: கடையில் "பிக்மென்ட் இங்க்கா, டை இங்க்கா?" என்று கேளுங்கள். காகிதம் அமிலம் இல்லாததா என்று கேளுங்கள். வீட்டு இங்க் டேங்க் பிரின்டர்கள் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட். ஆனால் பளபளப்புக் காகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கறுப்பை விட்டுவிட்டுக் கலரைக் கலந்தே போடும். லேமினேஷன் வேண்டாம். கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில் அட்டை மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள். சாரல் ஈரத்தில் ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒட்டிய பழைய படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். கண்ணாடியோடு வைத்தே ஸ்கேன் செய்யலாம். பிரதி வந்தபின் மூலப் படத்தையும் நெகட்டிவையும் தூக்கிப் போடாதீர்கள். பிரதியை விட வயது கூடியது அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. நம் காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் 1990-ல் ஒன்பது நிலையோடு எழுந்து கும்பாபிஷேகம் கண்டது. அதற்கு முன் அது மேல்பாகம் இழந்து பிளந்து நின்றதைக் கண்ணால் கண்டவர்கள் இனிக் குறைந்துகொண்டேதான் போவார்கள். அந்தக் கோபுரம் பின்னால் தெரிய எடுத்த கல்யாணப் படம், பள்ளிக்கூடக் குரூப் படம் ஏதாவது உங்கள் பெட்டியில் கிடந்தால், இந்தச் சாரலுக்கு முன் வெளியே எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் பென்சிலால், அதுவும் மெதுவாக, வருஷத்தையும் நிற்பவர்கள் பெயரையும் எழுதி வையுங்கள். பென்சில் முனையிலும் கரிதான் இருக்கிறது. அழியாது.