குழை வண்டியும் கூழா மரமும்: ஆனையிறவு வழிப் பயணங்கள் பற்றிய ஒரு நோக்கு

மேனாடுகளிலே புரட்டாதி, ஐப்பசி மாதங்கள் வந்துற்றதும், படுக்கையும் அடுக்களையும் ஒருங்கே அமைந்த வீட்டு ஊர்திகளை ஓட்டிக்கொண்டு மக்கள் காடுகளை நோக்கிப் புறப்படுவர். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் கனடாவின் கிழக்குப் பகுதியிலும் மேப்பிள் மரங்களின் இலைகள் செம்மையும் பொன்மையும் பெற்று உதிரும் காட்சியைக் காண்பதற்கென்றே பல நாட்கள் முன்னதாகத் திட்டமிட்டுச் செய்யப்படும் பயணம் அது. யப்பானிய மக்களிடத்தும் இலைகாணும் வழக்கம் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. இத்தகைய பயணமொன்றை நம் நாட்டில், குறிப்பாக ஆனையிறவைக் கடந்து வன்னிக் காடுகளினூடே, மேற்கொள்ளலாமா என்ற வினா அண்மையில் எம் பீட மாணவரிடையே எழுந்தது. வினா விளையாட்டாக எழுந்ததாயினும் அதற்குரிய விடை வரலாற்றினுட் புகுந்தே காணவேண்டியதாயுள்ளது. வண்டியிலே உண்டு, வண்டியிலே உறங்கி, காட்டிலையை நாடி ஆனையிறவைக் கடந்த பயணங்கள் நம்மிடையே இருந்தன. அவற்றை மேற்கொண்டோர் காட்சி காணச் சென்றோர் அல்லர் என்பதே வேறுபாடு.

முதற்கண் சொல்லைப் பற்றிச் சிறிது நோக்குவாம். இலையுதிர்காலம் என்னும் தொடரை இன்று பள்ளி மாணவரும் அறிவர். ஆயின் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனப் பழந்தமிழர் வகுத்த அறுவகைப் பெரும்பொழுதுகளுள் இலையுதிர்வின் பெயரால் அமைந்த பொழுது ஒன்றேனும் இல்லை. மழை, குளிர், பனி, வெப்பம் ஆகியனவே பொழுதை வகுத்தன. இலை உதிர்வதைத் தமிழர் காணாதிருந்தனர் என்பது இதன் பொருளன்று. அது ஒரு பருவத்திற்கே பெயராகும் அளவிற்கு எல்லா மரங்களுக்கும் ஒருங்கே நிகழும் நிகழ்ச்சியாக இந்நிலத்தில் இருக்கவில்லை என்பதே பொருள். நாம் இன்று வழங்கும் இலையுதிர்காலம் ஆங்கிலப் பாடநூல்களின் வழியே நமக்கு வந்த பருவம் எனலாம். அப்பருவத்தைத் தேடிக்கொண்டு ஐப்பசியில் வன்னிக்குச் செல்பவன் வாடைக் காற்றையும் வடகீழ்ப் பருவமழையையும் சேற்று வழிகளையுமே காண்பான்.

வன்னிக் காட்டின் இயல்பு வேறு. பாலையும் வீரையும் ஆண்டு முழுவதும் பசுமை மாறாதவை. (நம் பாலை, ஐந்திணையுட் பாலைக்குப் பெயர் தந்ததாகக் கூறப்படும் மரமன்று, இனிய பழந்தரும் வேறு மரம். இலக்கிய மாணவர் பலர் இரண்டையும் ஒன்றெனக் கொண்டு இடர்ப்படுவதுண்டு.) முதிரை போன்றவை கோடையின் கடுமையில் இலையுதிர்த்து நிற்பவை. இவை அருகருகே வளர்வதால், சோளகக் காற்று வீசும் காலத்தில் காட்டைப் பார்ப்பவனுக்கு ஒரு மரம் வெறுங்கிளையாகவும் அடுத்த மரம் கரும்பச்சையாகவும் தோன்றும். செந்நிறம் வருவதோ பிறிதொரு காலத்தில். மாசி, பங்குனி மாதங்களில் கூழா மரம் தன் பழைய இலைகளை நீக்கிப் புதுத்தளிர் விடும்போது மரம் முழுவதுமே தீப்பற்றியதுபோற் சிவக்கும். இலுப்பையும் வேம்பும் செம்பு நிறத் தளிர் ஈனும். மேப்பிள் இலை சிவப்பது பகற்பொழுது குறுகிப் பச்சையம் சிதையும் வேளையில். கூழா இலை சிவப்பது பச்சையம் இன்னும் முற்றச் சேராத இளமையில். இரண்டிலும் செம்மையைத் தருவது ஒரே வகை நிறப்பொருளே. அங்கு அது சாகும் இலையின் நிறம். இங்கு அது பிறக்கும் இலையின் நிறம். ஆங்கிலக் கவிதைகளைப் படித்து வளர்ந்த நம்மவர் சிலர் செவ்விலையைக் கண்டதும் பிரிவையும் முதுமையையும் பாடத் தொடங்குவது பொருத்தமற்றது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இனி வழியைப் பற்றிப் பேசுவாம். யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலப்பரப்புடன் இணைக்கும் ஒடுங்கிய நிலமும் ஆழமற்ற கடனீரேரியுமே ஆனையிறவு. இறத்தல் என்ற சொல்லுக்குப் பழந்தமிழிற் கடத்தல் என்ற பொருளுண்டு. யானை கடக்கும் இடம் எனக் கொள்வது பொருந்தும். பனம்பழம் பழுக்கும் காலத்தில் வன்னி யானைகள் கூட்டமாக நீரைக் கடந்து குடாநாட்டுப் பனங்கூடல்களுக்குச் சென்றமையாலேயே இப்பெயர் உண்டாயிற்று என 1859 இல் வெளிவந்த தம் இலங்கை பற்றிய நூலிலே எமேர்சன் ரெனன்ற் எழுதியுள்ளார். ஆடி, ஆவணியிற் கடனீரேரி வற்றும். காட்டிலே இலை அருகும். அக்கரையிலே பழம் உதிரும். பருவமறிந்து பயணம் வகுத்தோருள் யானைகளையே முதலிற் குறிப்பிடல் வேண்டும் போலும். ஒல்லாந்தர் காலத்திலே வேறொரு வகையான யானைப் பயணம் நிகழ்ந்தது. வன்னியர் திறையாகச் செலுத்திய யானைகள் குடாநாட்டிற்கு நடத்திச் செல்லப்பட்டு, ஊர்காவற்றுறையிற் கப்பலேற்றி இந்தியாவிற்கு விற்கப்பட்டன. ஆனையிறவு, பெஸ்சுட்டர், பைல் என்னும் மூன்று சிறு கோட்டைகளை ஒல்லாந்தர் இக்கழுத்துப் பகுதியில் வைத்திருந்தமை இவ்வழியின் பெறுமதியை உணர்த்தும். ஆனையிறவுக் கோட்டையே பிற்காலத்தில் வாடிவீடாகியது.

யானையும் கோட்டையும் நூல்களில் இடம்பெற்றுள்ளன. குழை வண்டி அவ்வாறு இடம்பெறவில்லை. குடாநாட்டு மண் ஆழமற்றது, இடைவிடாது பயிரிடப்படுவது. புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளையவேண்டுமாயின் அம்மண்ணுக்கு ஆண்டுதோறும் உரமூட்டல் வேண்டும். மாட்டெருவோடு குழை தாழ்த்தல் என்னும் முறையை நம் தோட்டக்காரர் கைக்கொண்டனர். பசிய இலைகளைக் கொப்புகளோடு வெட்டிவந்து, நிலத்தில் வரிசையாகக் கிடங்கு வெட்டி, அதனுள் இட்டு மண்ணால் மூடுவர். வேலியிலுள்ள பூவரசும் வெளிகளில் வளரும் காவிளாயும் போதாதவிடத்துப் பெருநிலப்பரப்பின் காடுகளிலிருந்தும் குழை கொண்டுவரப்பட்டது. முன்னர் வண்டியிலும் வள்ளத்திலும், பின்னர் லொறியிலும். வன்னிக் காட்டின் இலை யாழ்ப்பாணத்துச் செம்மண்ணாயிற்று என்று கூறின் அது மிகையாகாது. யாழ்ப்பாணத்தவர் தம் தோட்டங்களின் செழிப்பைத் தம் உழைப்பின் பேறாக மட்டுமே பேசிக்கொள்வதுண்டு, அவ்வுழைப்புப் பெரிதே. ஆயினும் ஆனையிறவுக்கு அப்பால் நின்ற காடு அதற்குக் கொடுத்த பங்கினை நம் பொருளாதார வரலாறு இன்னும் உரியவாறு கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

மரமும் அவ்வழியே வந்தது. முதிரையும் பாலையும் வீட்டுக்கு வளையாகவும் கதவுநிலையாகவும் வேண்டப்பட்டன. இத்தகைய பயணத்துக்குரிய ஆயத்தத்தை ஊர் முதியோர் வாய்மொழியாகக் கேட்டறிதல் இன்றும் இயலும். பனையோலைப் பாயாற் கூடாரம் கட்டப்பட்ட வண்டி, அடியிலே தொங்கும் அரிக்கன் லாம்பு, மாட்டுக்கு வைக்கோல், வண்டிக்காரனுக்குக் கட்டுச்சோறு, அது முடிந்தபின் புழுக்கொடியலும் பனாட்டும், நீர்க்குடம். வெயிலை அஞ்சி இரவிலே வண்டி ஓட்டி, பகலிலே மரநிழலில் மாட்டை அவிழ்த்துவிடுவர். யானைக்கும் கள்வருக்கும் அஞ்சித் தனிவண்டியாகச் செல்லாது தொடராகச் செல்வர். குடாநாட்டு வீதியோரங்களிலே சுமைதாங்கியும் ஆவுரோஞ்சிக் கல்லும் கேணியும் மடமும் இருந்தன. ஆனையிறவைக் கடந்ததும் அவை அருகின. அதற்கப்பால் குளக்கரையே மடம், மரமே கூரை. ஆகவே எந்தக் குளத்தில் எந்த மாதம்வரை நீர் நிற்கும், எந்த மரம் எப்போது நிழல் தரும் என்பதை அறியாதவன் வண்டி கட்ட முடியாது. புளியங்குளம், இலுப்பைக்கடவை, மருதோடை, கூழாமுறிப்பு என ஊர்ப்பெயர்கள் மரத்தையும் நீரையும் ஒருங்கே சுமந்து நிற்பதன் காரணமும் இதுவே போலும்.

வழிபாட்டுப் பயணங்களும் இவ்வறிவையே துணைக்கொண்டன. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலை நாடிக் கூடார வண்டிகள் பரந்தன் வழியாக முல்லைத்தீவுப் பக்கம் சென்றன. அக்காலம் மாரி வெள்ளம் வடிந்து வழி காய்ந்த காலம். பாலைப்பழம் பழுக்கத் தொடங்கும் காலமுமாகும். ஆவணி மடுத் திருவிழாவுக்குச் சென்ற கத்தோலிக்க மக்களும் காட்டிலே குடிலமைத்தும் வண்டியின் கீழ்ப் படுத்தும் நாட்களைக் கழித்தனர். மாரியும் மாரியை அடுத்த காய்ச்சற் காலமும் தவிர்க்கப்பட்டன. வன்னிக் காய்ச்சல் எனப்பட்ட மலேரியாவுக்கு அஞ்சாதார் அன்று எவருமிலர்.

ஆங்கில அதிகாரிகளும் இவ்வழியே பயணஞ்செய்தனர். 1829 முதல் 1867 வரை பெரும்பாலும் வட மாகாணத்தை ஆண்ட டைக் துரை முதலானோர் கூடாரங்களோடு சர்க்கீட்டுச் சென்றவர்கள். 1895 இல் வன்னி மாவட்டங்களுக்கெனத் தனிக் கைநூல் எழுதிய ஜே. பி. லூயிஸ், காட்டையும் குளத்தையும் மக்களையும் நுணுகி நோக்கியவர். எனினும் எம் கட்டுரைக்குப் பெரிதும் பொருந்துவது லெனாட் வூல்வின் அனுபவமே. 1905 ஆம் ஆண்டு தை மாதம் யாழ்ப்பாணத்திற் பணியேற்க வந்த அவ்விளைஞர் அநுராதபுரம் வரை புகையிரதத்தில் வந்தார். அதற்கு வடக்கே ஆனையிறவு வரை இருப்புப்பாதை முற்றுப்பெறவில்லை. இடைத்தூரத்தை அஞ்சற் கோச்சிலே கடக்க வேண்டியிருந்தது. கோச்சு என்பது பெயரளவிலேதான். அது பெரியதொரு மாட்டுவண்டி, தபாற் பைகள் அடியிலும் பயணிகள் அவற்றின் மேலும் கிடந்தனர் என அவர் 1961 இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் நகைச்சுவையோடு குறித்துள்ளார். பேரரசின் அதிகாரிக்கும் காடு கடக்கப் படுத்துறங்கும் வண்டியே வாய்த்தது. அதே ஆண்டு ஆவணியில் வடக்குப் புகையிரதப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டதும் இரு நாட் பயணம் சில மணி நேரமாகச் சுருங்கியது. பின்னர் மோட்டார் வாகனங்கள் வந்தன. காட்டின் பருவத்தை அறியவேண்டிய தேவை பயணிக்கு இல்லாதொழிந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் அளவே வழியில் எஞ்சிற்று.

போர் இவ்வழியை வேறாக்கியது. 1990 இல் புகையிரதம் நின்றது. 1991 இலும் 2000 ஆம் ஆண்டிலும் 2009 இலும் ஆனையிறவிலே பெருஞ்சமர்கள் நிகழ்ந்தன. ஆனையிறவு அடைபட்ட காலத்தில் மக்கள் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகிற் கடந்தனர். 2008 இலும் 2009 இன் தொடக்கத்திலும் வன்னி மக்கள் மேற்கிலிருந்து கிழக்காக ஊர் ஊராய்ப் பெயர்ந்தபோது, கூரைத் தகரத்தையும் கதவு நிலைகளையும் பாத்திரங்களையும் உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, நின்ற இடத்தில் மரத்தடியில் மீண்டும் வீடு கட்டினர், மீண்டும் பிரித்தனர். சில்லுகளின் மேல் வீட்டைக் கொண்டுசெல்லுதல் என்பதற்கு வன்னியிலே அண்மைக்காலப் பொருள் இது. ஓய்வுக்காக வீட்டு ஊர்தியில் இவ்வழி செல்ல எண்ணும் நாம், நம்மைக் கண்டு வீதியோரத்தில் நிற்கும் மூதாட்டி எதை நினைவுகொள்வார் என்பதை எண்ணாது செல்லுதல் தகாது. புகையிரதம் 2013 இற் கிளிநொச்சியையும் 2014 இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் அடைந்தது. கண்ணிவெடி அகற்றும் பணியோ அதன் பின்னும் நெடுங்காலம் தொடர்ந்தது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் போகத்தான் வேண்டுமா எனின், வேண்டும் என்பதே எம் கருத்து; பருவமறிந்து போதல் வேண்டும். மாசியின் பிற்கூறு அல்லது பங்குனி பொருத்தமானது. ஆனையிறவில் இறங்கிக் கடனீரேரிக் கரையைப் பார்த்தல் நன்று. 1938 இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டு 2015 இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்ட சுண்டிக்குளம் அங்கிருந்து தென்கிழக்கே உள்ளது. வலசை வந்த பறவைகள் இன்னும் முற்றாகத் திரும்பியிரா. பூங்கா எல்லைக்குள் நுழையுமுன் திணைக்களத்தின் அனுமதி பெறல் வேண்டும். அவ்வெல்லையை ஒட்டி வலைவீசியும் மாடு மேய்த்தும் வாழ்வோர் வரைபடத்தில் இல்லாவிடினும் அந்நிலத்தில் உள்ளவர் என்பதை மறத்தலாகாது. பின்னர் பரந்தன், கிளிநொச்சி, மாங்குளம் கடந்து கிழக்கே ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பலாம். வீதியை விட்டு விலகிக் காட்டினுள் தனியே நடத்தல் கூடாது. இரவுத் தங்கலைக் காட்டோரத்தில் வைக்காது ஊருக்குள் வைத்தல் நன்று; யானைகள் தம் பழைய வழிகளை இன்னும் மறக்கவில்லை. நீர் போதியளவு கொண்டுசெல்லல் வேண்டும். கூழா எப்போது சிவக்கும் என்பதைத் திகதியிட்டுக் கூற எவராலும் இயலாது. அது முன்சென்ற மாரியைப் பொறுத்தது. ஆதலின் புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே ஒட்டுசுட்டானில் உறவினருள்ள நண்பர் எவரையேனும் கொண்டு, கூழா தளிர்த்துவிட்டதா என்று கேட்டறிந்து நாள் குறித்தல் வேண்டும். அப்படியே குழை வண்டி ஓட்டிய முதியவர் எவரேனும் அவ்வூரில் உளரா என்பதையும் கேட்டு வைத்தல் நன்று.