சமையல் எரிவாயுக் கசிவும் ரெகுலேட்டரும்

இந்தியாவில் சமையல் எரிவாயு விற்பனையை 1955இல் பம்பாயில் பர்மா ஷெல் நிறுவனம் தொடங்கியது. இண்டேன் இணைப்பு 1965இல் கல்கத்தாவில் முதன்முதலாக வழங்கப்பட்டது. தென்காசி, குற்றாலம் பக்கத்து அடுப்படிகளில் அதன் பிறகும் நெடுங்காலம் விறகுதான். 2007இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்பு வழங்கத் தொடங்கிய பின்னரே பல ஏழை வீடுகளுக்கு ரெகுலேட்டர் அறிமுகமானது.

சிலிண்டருக்குள் வாயு மிகுந்த அழுத்தத்தில் திரவமாக இருக்கும். ரெகுலேட்டர் அதனை ஏறத்தாழ 30 மில்லிபாராகக் குறைத்து அடுப்புக்கு அனுப்புகிறது. இணைப்பில் கசிந்தால் பலரும் ரெகுலேட்டரைக் குறை சொல்வர். ஆனால் பல சமயம் பழுது, சிலிண்டர் வால்வுக்குள் இருக்கும் சிறு ரப்பர் வளையத்தில் (வாஷர்) இருக்கும்.

இவ்வாயுவுக்கு இயல்பில் மணமில்லை. நாம் முகரும் நாற்றம் சேர்க்கப்பட்டது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாசில் நியூ லண்டன் பள்ளியில் மணமற்ற இயற்கை எரிவாயு கசிந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், மாண்டனர். மணமூட்டுவதைச் சட்டம் கட்டாயமாக்கியது அதன் பிறகே. வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்தவர்களால் இச்செய்தியை எளிதில் கடக்க முடியாது.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். சாரலுக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்துச் சமைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். கசிவை அறியச் சோப்பு நீரைத் தடவினால் குமிழி வரும். தீக்குச்சி கூடவே கூடாது. நாற்றம் வந்தால் மின் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, வால்வுக்குப் பாதுகாப்பு மூடியிட்டு, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906ஐ அழைக்கலாம். ரெகுலேட்டரைப் பிரித்துப் பழுதுபார்ப்பது வீட்டு வேலையன்று. முகவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.