புகை அகன்றது, கசடு அகன்றதா?

துப்பாக்கி மருந்தின் வரலாற்றில் ‘சுத்தமாக எரிவது’ என்பதற்கு என்றும் ஒரே பொருள் இருந்ததில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் கண்ணுக்குத் தெரிந்த அழுக்கையே அழுக்கு என்று கருதியது.

வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்து எரிந்தால், அதன் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு திடப்பொருளாகவே எஞ்சும். ஒரு பகுதி வெண்புகையாய்க் கிளம்பும். மறுபகுதி குழலினுள் கசடாய்ப் படிந்து, ஈரத்தை ஈர்த்து, எஃகை அரிக்கும். ரிவால்வரிலோ கசடு சேரச்சேரத் தோட்டா உருளை சுழல மறுக்கும். இந்த மருந்துக்கான வெடியுப்பின் பேரூற்றாகப் பீகார் விளங்கியது. அங்கு நுனியா மக்கள் உவர்மண்ணிலிருந்து காய்ச்சியெடுத்த உப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியின் முக்கிய வணிகப் பொருள்களுள் ஒன்று. வங்காளத்தின் ஈஷாப்பூர் வெடிமருந்து ஆலை 1791 முதல் இயங்கியது.

1884இல் பிரான்சின் பால் வியெய் புகையற்ற மருந்தை உருவாக்கினார். 1889இல் பிரிட்டனில் ஏபெலும் டியூவரும் கார்டைட்டைப் படைத்தனர். இவை எரிந்தால் பெரும்பாலும் வாயுவாகவே மாறும். கசடு மிகக் குறைவு. ஆயினும் கருமருந்துக்கென வகுத்த ரிவால்வர் தோட்டாவின் கூடு, சிறிதளவே வேண்டிய கார்டைட்டுக்கு மிகப் பெரிது. எனவே 1897இல் பிரிட்டிஷ் இராணுவத்தின் .455 வெப்லி தோட்டாவின் கூடு குறுக்கப்பட்டது. சுத்தமாக எரிதல் என்பது மருந்தின் இயல்பு மட்டுமன்று. அது அடைபட்டிருக்கும் இடத்தையும் பொறுத்தது என்பதற்கு இதுவே சான்று.

புகை போனதும் வேறு குறைகள் வெளிப்பட்டன. முதற்கண் வெப்பம். 58 விழுக்காடு நைட்ரோகிளிசரின் கொண்ட கார்டைட், துப்பாக்கிக் குழல்களை விரைவில் தேய்த்தது. போயர் போருக்குப்பின் அப்பங்கு 30 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. 1903இல் நீலகிரியின் அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலை நிறுவப்பட்டபோது, வெடியுப்பைத் தந்து வந்த நாடு புதுமருந்தையே செய்யும் நாடாயிற்று.

இரண்டாவது குறை நுட்பமானது. அக்காலப் பிரைமர்களில் இருந்த பொட்டாசியம் குளோரேட், எரிந்தபின் குழலில் உப்பாய்ப் படிந்தது. கருமருந்துக் காலத்தில் கசடைப் போக்க நீர்விட்டுக் கழுவியதால் அவ்வுப்பும் கூடவே கரைந்து போயிற்று. புதிய மருந்து கசடு காட்டாததால், எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும் எனச் சுட்டவர் நம்பினர். உப்போ எண்ணெயில் கரையாது. பளபளத்த குழல்கள் உள்ளே துருவேறின. ஆகவே சுட்டபின் குழலுள் கொதிநீர் ஊற்றும் வழக்கம் இராணுவத்தில் நிலைத்தது. அரிப்பு விளைக்காத பிரைமர்கள் 1920களில் ஜெர்மனியில் உருவான பின்னரே இதற்கு விடிவு பிறந்தது.

புகை, கசடு, வெப்பம், உப்பு என அழுக்கின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. ஆதலால் ஒரு மருந்தைச் ‘சுத்தமானது’ என்று ஓர் ஆவணம் கூறுமிடத்து, எந்த அழுக்கிலிருந்து என்று வினவுவதே வரலாற்று மாணவரின் முதற்கடமை.