பளிங்குப் பாறைகளும் வட்டக் கோயிலும்

ஜபல்பூரை அடுத்த பேடாகாட்டில் நருமதை பளிங்குப் பாறைகளைப் பிளந்து ஓடுகிறது. காலை இளவெயிலில் படகேறி அப்பாறைகளினூடே செல்வது கண்ணுக்குப் பெருவிருந்து. கரை சேர்ந்ததும் ஊர் திரும்பிவிடுவோர் பலர். ஆனால், அருகிலுள்ள குன்றின்மேல் 64 யோகினியர் கோயில் வட்டவடிவில் நிற்கிறது. கலசூரி மன்னர் காலத்தது. அரசி அல்ஹணதேவி பேடாகாட்டில் சிவாலயமும் மடமும் கல்விக்கூடமும் எழுப்பியதை 1155ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

கோளகி மடம் என்னும் சைவ மரபின் பெயர் இவ்வட்டக் கோயிலிலிருந்தே தோன்றியது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அம்மரபின் ஆசாரியர்கள் ஆந்திரநாட்டிலும் தமிழகத்திலும் மடங்கள் கண்டனர். 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இதற்குச் சான்று. பிழைப்பை நாடி நாம் வடக்கே வந்தோம். பன்னூறாண்டுகட்கு முன்பே இங்கிருந்து கல்வி தெற்கே சென்றது. அன்பர்களே, படகை விட்டு இறங்கியதும் அக்குன்றையும் ஏறிக் காண்க.