ஜோகூர் பாரு: கடலை நம்பி எழுந்த தலைநகர்

ஜோகூரின் பழைய தலைநகர்கள் பல ஜோகூர் ஆற்றங்கரையில்தான் இருந்தன. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்தால், பகைவனின் கப்பல் வருவதற்கு முன்பே சேதி வந்துவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு பலிக்கவில்லை. 1587-இல் போர்த்துகீசியர்கள் ஆற்றுக்குள் புகுந்து ஜோகூர் லாமாவை அழித்தார்கள். 1613-இல் அச்சே படை பத்து சாவாரைச் சூறையாடியது. 1673-இல் ஜம்பி படையும் வந்தது.

அப்படியிருக்க, 1855-இல் தெமெங்கோங் டாயேங் இப்ராஹிம், எந்த மறைவும் இல்லாத கடலோரத்தில் தஞ்சோங் புத்ரி என்ற ஊரை ஏன் நிறுவினார்? காரணம், காலம் மாறியிருந்தது. எதிர்க்கரையில் சிங்கப்பூர் துறைமுகம் இருந்தது. இடையில் உள்ள நீரிணையோ சுமார் ஒரு கிலோமீட்டர் அகலந்தான். ஒளிந்து பிழைப்பதைவிடச் சந்தைக்கு அருகில் இருப்பதே இலாபம். உள்நாட்டில் சீனக் குடியேறிகள் மிளகும், தோல் பதனிட உதவும் காம்பீரும் பயிரிட்டார்கள். சாலைகள் இல்லாததால் ஆறுகளே வழி. ஆற்றுக்கு ஆறு 'சூராட் சுங்கை' என்ற உரிமைக் கடிதம் கொடுத்து, 'கங்சூ' எனும் தலைவரிடம் ஒப்படைத்தார்கள். ஆறே ஒரு நிர்வாக வட்டாரம்! 1866-இல் அபு பாக்கார் ஊருக்கு ஜோகூர் பாரு என்று பெயர் சூட்டினார். இஸ்தானா பெசார் அரண்மனை நீரிணையைப் பார்த்தபடி எழுந்தது.

பிறகு வந்தது கடற்பாலம். பாலம் என்று பேர்தான். உண்மையில் அது கருங்கல் கொட்டிக் கட்டிய 1,056 மீட்டர் நீளக் கரை. 1924 ஜூன் 28-இல் முறைப்படி திறக்கப்பட்டது. மனிதர்களுக்கு வழி பிறந்தது. தண்ணீருக்கு வழி அடைபட்டது. கிழக்கு மேற்காகப் புரண்ட நீரோட்டம் நடுவிலே நின்றுபோனது. படகுகள் கடப்பதற்காக ஜோகூர் பக்கம் விட்டிருந்த மதகு வழியும் போரோடு போயிற்று. 1942 ஜனவரி 31-இல் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கரையைத் தகர்த்தது. ஜப்பானியர்கள் சீக்கிரமே அதைச் சரிசெய்துகொண்டார்கள்.

அதே கரையின் மேல்தான் குனோங் பூலாய் மலைநீர் குழாய் வழியே சிங்கப்பூருக்குப் போயிற்று. அதற்கான ஒப்பந்தம் 1927-இல் கையெழுத்தானது.

நகருக்குள் ஓடும் சிகெட் ஆற்றின் கதை இன்னும் வேதனையானது. ஊரின் பழைய கடைவீதி அதன் ஓரத்தில் வளர்ந்தது. ராஜமாரியம்மன் ஆலயமும் அதன் அருகில்தான். சரக்குப் படகு வந்த அந்த ஆறு சாக்கடையாகி, நாற்றம் தாங்காமல் காங்கிரீட் போட்டு மூடப்பட்டது. பின்னர் மீண்டும் திறந்து, சுத்தம் செய்து, கரையோரம் நடைபாதை அமைத்தார்கள்.