வெண்மணியை எந்தப் பெயரில் தேடுவது?

ஆய்வுத் தளங்களில் திருவையாறு என்று தேடும் மாணவருக்குத் தியாகராசரும் இசை விழாவும் எளிதில் கிடைக்கலாம். அதே காவிரிப் படுகையில் சேற்றில் நின்று நாற்று நட்ட சேரி மக்களைப் பற்றிய ஆய்வுகளைக் கண்டடைவது அவ்வளவு எளிதன்று. அவை எழுதப்படாமல் இல்லை. வேறு பெயர்களுக்குள் மறைந்திருக்கின்றன.

ஆந்த்ரே பெத்தேயின் 1965ஆம் ஆண்டு நூல் தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றை ‘ஸ்ரீபுரம்’ என்றே குறிக்கிறது. காத்லீன் கஃப் 1981இல் வெளியிட்ட நூலின் ‘கும்பபெட்டை’யும் புனைபெயரே. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியை ஆங்கிலத்தில் பலவாறு எழுத்துக்கூட்டுகின்றனர். அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த அவ்வூர், 1991 முதல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் உள்ளது. சொல்லை மட்டும் ஒப்பிடும் தேடல் இவற்றை ஒன்றுசேர்க்காது.

இணைப்புத் தரவு இங்கே உதவுகிறது. இம்முறையில் ஊர், நூல், ஆசிரியர், நிகழ்வு ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஒவ்வொரு செய்தியும் மூன்று உறுப்புகள் கொண்ட கூற்றாகப் பதிவாகிறது: ‘இந்நூல் – முதன்மைப் பொருள் – கீழ்வெண்மணிப் படுகொலை’. பெயர்கள் எத்தனையாயினும் எண் ஒன்றே. 2012இல் தொடங்கப்பட்ட விக்கித்தரவு இவ்வாறே இயங்குகிறது. ‘ஸ்பார்க்கில்’ என்னும் வினவல் மொழியில், அறிய விரும்பும் உறுப்பின் இடத்தில் கேள்விக்குறியோடு ஒரு மாறியை இட்டால், பொருந்தும் பதிவுகள் பட்டியலாக வரும். அங்கே ‘முதன்மைப் பொருள்’ பி921; ‘ஆசிரியர்’ பி50. 2025 மே முதல் ஆய்வுக் கட்டுரைகள் தனி வினவல் தளத்தில் உள்ளன. எனவே இரு தளங்களிலும் வினவ வேண்டும்.

விடை எதுவும் வராவிட்டால் ஆய்வே இல்லை என்று பொருளன்று. எவரும் இணைக்காத கூற்று விடையில் தோன்றாது. டிஓஐ எண் பெறாத தமிழ் இதழ்க் கட்டுரைகள் பெரிதும் விடுபடுகின்றன. அடையாள எண்ணோடு பிணைக்கப்படாமல் வெறும் எழுத்துகளாகப் பதிவான ஆசிரியர் பெயர்கள் பி50 வினவலில் சிக்குவதில்லை.

வெண்மணி வழக்கில் நிலக்கிழார்களைச் சென்னை உயர்நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. மன்றத்தில் நிலைபெறாத நம் மக்களின் சாட்சியம், அறிவுலகப் பதிவிலும் தொலைந்துபோக நாம் இடந்தரலாகாது. விக்கித்தரவை எவரும் திருத்தலாம். வெளியான நூலைச் சான்றாகக் காட்டி ஒரே ஒரு கூற்றை நாம் சேர்த்தாலும், அடுத்து வினவும் மாணவருக்கு அது விடையாகும். ஆனால் புனைபெயருக்குப் பின்னுள்ள ஊரை ஊகித்து எழுதக் கூடாது. சான்றில்லாக் கூற்று வழக்கையும் கெடுக்கும், வரலாற்றையும் கெடுக்கும்.